மாலை போட்ட படம்

நாராயணப்பனைக் கொல்ல வேண்டும் என்று மங்கம்மா ஒரு நாளும் நினைத்ததில்லை. கொன்றால் என்ன ஆகும்? தாரை தப்பட்டை அடித்து, ஊர் கூடித் தூக்கிக்கொண்டு போகும். நல்லவன், வல்லவன் என்று நாலு பேர் பேசுவார்கள். அந்த மரியாதையெல்லாம் அந்தப் பாவிக்கு எதற்கு? அவன் நன்றாக இருக்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும், இருந்து, ஊரே தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போதெல்லாம் அவள் கேட்டது அதைத்தான்.

அவள் வயிறு அப்படி எரிந்ததற்குக் காரணம் அவள் புருஷன் முனிராஜின் வலது கை.

முனிராஜ் ஓசூர்ச் சந்தையில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தவன். பெங்களூர் ரோட்டில் அச்சாபீஸ் வைத்திருந்த குலாம் முகம்மது பாய் அவன் உளி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "பேரு வெட்டற கைக்கு மூஞ்சி வராதா? வா என்னோட" என்று கூட்டிக்கொண்டு போனார். துத்தநாகத் தகட்டில் படம் எடுக்கிற வேலை. மெழுகும் தாரும் காய்ச்சிய மையால் தகட்டின் மேல் படத்தை இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். பிறகு தகட்டைத் திராவகத்தில் போட்டால், மை படாத இடத்தையெல்லாம் அது அரித்துவிடும். வரைந்த கோடு மட்டும் மேடாக நிற்கும். அப்புறம் காலால் மிதிக்கிற மெஷினில் ஏற்றி அடிக்க வேண்டியதுதான். மை காய்ச்சுவது மங்கம்மா. காய்ச்சக் காய்ச்ச அவளுக்கும் வரையக் கை வந்துவிட்டது. பீடிக் கட்டு லேபிளில் இருக்கும் மயில் அவள் போட்டதுதான் என்று ஓசூரில் எவனுக்கும் தெரியாது.

இப்படி இருக்கையில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. நாராயணப்பன் நின்றான். மூக்கண்டப்பள்ளிப் பக்கத்தில் பெரிய நிலக்காரன். ஏரி வாய்க்காலை வெட்டித் தன் கரும்புக்குத் திருப்பிக்கொண்டு, கீழே இருந்த ராகிக் கொல்லைகளையெல்லாம் காயப் போட்டவன். முனிராஜ் ஒரு படம் போட்டான். மதகில் வாயை வைத்து ஏரியை உறிஞ்சுகிற நாராயணப்பன். வயிறு ஏரிக்கரை மாதிரி உப்பி நிற்கிறது. தொப்புளிலிருந்து கரும்பு முளைத்திருக்கிறது. மூக்கு சுரைக்காய் அளவு. ஒரு எழுத்துகூடக் கிடையாது. பார்த்தவன் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீக்கடைக்கு டீக்கடை ஒட்டினார்கள்.

சிரித்தார்கள், சரி. சிரித்தவன் எல்லாம் போய் ஓட்டையும் அவனுக்கே போட்டான்! "நம்ம ஏரி வாயன்" என்று செல்லப் பேர் வேறு. அடப்பாவிகளா என்று மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாராயணப்பனும் பொது இடத்தில் பெரிய மனுஷனாகச் சிரித்தான். ஜெயித்த பிறகு ஒரு மத்தியானம், பாய் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து, கையாள் எல்லப்பனோடு அச்சாபீசுக்குள் வந்தான்.

"படம் பிரமாதம்யா முனிராஜு. எந்தக் கை போட்டுச்சு, காட்டு."

முனிராஜ் பாராட்டு என்று நம்பிக் கையை நீட்டினான். எல்லப்பன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தண்ணி கலக்காத திராவகம் ஜாடியில் இருந்தது. நாராயணப்பன் அதைத் தட்டில் ஊற்றி, அந்தக் கையை அதில் வைத்து அழுத்தினான். மங்கம்மா கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜாடி கை தவறி விழுந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள், அவன் வீட்டு வெல்லத்தைத் தின்றவர்கள்!

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கட்டைவிரல் மட்டும் தனியாக மிஞ்சியது. உளி போனதுகூடப் பெரிதில்லை. சோறு போயிற்று. வலது கையால் பிசைந்து எடுக்க முடியாது. இடது கையால் சாப்பிட அவனுக்கு மனசு வரவில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு தடவை இடது கையை இலைக்குக் கொண்டுபோனான். பக்கத்து இலைக்காரன் மெள்ள நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தவன், அப்படியே எழுந்து வந்துவிட்டான். அன்றையிலிருந்து ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, மங்கம்மாதான் ஊட்டுவாள். நாற்பது வயசு ஆம்பிளை, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பான். ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் மனசுக்குள் நாராயணப்பனின் பெயரைச் சொல்லிக்கொள்வாள்.

அச்சாபீஸ் வேலை அவள் கைக்கு வந்தது. பாய் வெளியே மூச்சு விடவில்லை. "முனிராஜு பக்கத்துல உக்காந்து சொல்றான், இந்தம்மா செய்யுது" என்று கேட்டவர்களுக்குச் சொல்லிவைத்தார்.

ஐம்பத்தேழில் சட்டசபைத் தேர்தல் வந்தது. எந்தக் கட்சியும் சீட்டுக் கொடுக்காததால் நாராயணப்பன் சுயேச்சையாக நின்றான். விளக்குச் சின்னம் கிடைத்தது. கிடைத்த மறுநாள், ஜீப்பிலிருந்து இறங்கி நேராக பாய் கடைப் படியேறினான். ஓசூரில் வேறு அச்சாபீஸ் இல்லையா? பெங்களூர்தான் கூப்பிடு தூரத்தில் இல்லையா? எல்லாம் இருந்தது. இருந்தாலும் இங்கேதான் வந்தான். அதுதான் அவன் புத்தி.

மூலையில் உட்கார்ந்திருந்த முனிராஜ் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"பாய், எனக்கு நோட்டீசு அடிக்கணும். படம் இந்த வீட்டுக்காரங்கதான் போடணும்" என்றான் நாராயணப்பன், மங்கம்மாவைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு என்னை அசிங்கமாப் போட்டாங்கல்ல? இன்னிக்கு அழகாப் போடட்டும். ஊரு பாக்கட்டும்."

பாய் தட்டிக் கழிக்கப் பார்த்தார். "வேலை நெறைய கெடக்குதுங்க எசமான்..."

"நான் போடறேங்க எசமான்" என்றாள் மங்கம்மா. அவ்வளவு சீக்கிரம் அவள் வாயிலிருந்து அது வந்ததும் முனிராஜின் முதுகு விறைத்துப்போனதை அவள் பார்த்தாள். "என்னா எழுத்துப் போடணும்?"

"எழுத்தே வேணாம். தமிழ் போட்டா தெலுங்குக்காரன் இது நமக்கில்லேம்பான். தெலுங்கு போட்டா கன்னடக்காரன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். மூணும் போட்டா என் மூஞ்சிக்கு எடம் ஏது? என் மூஞ்சி, என் வெளக்கு, ரெண்டு போதும். மத்தூரு சந்தைக்காரன்லேந்து நாட்றாம்பாளையம் காட்டுக்காரன் வரைக்கும் பாத்த ஒடனே தெரியணும்."

"மாலை?"

"பின்னே? மாலை மரியாதை இல்லாமயா? நல்லாப் பெரிய மாலையாப் போடு." போகும்போது முனிராஜின் பக்கம் குனிந்தான். "என்னாப்பா, கை சொகமா?"

அன்று வீட்டில் முனிராஜ் வாயைத் திறக்கவே இல்லை. சோற்றை உருட்டி நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில், "அவன் மூஞ்சியப் போட்ட கையால எனக்கு ஊட்டாதே" என்றான். மங்கம்மாவுக்குச் சுரீர் என்றது. என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வாள்? தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ச் சுருண்டுகொண்டாள்.

மறுநாள் காலையில் தகட்டைத் துடைத்து முன்னால் வைத்தாள். கை தானாக மூக்கைச் சுரைக்காய் ஆக்கப் போனது. நிறுத்திக்கொண்டாள். அசிங்கமாய்ப் போட்டு என்ன கண்டோம்? சிரித்தார்கள், ஓட்டுப் போட்டார்கள். சிரிப்பு அவனுக்குச் சோறு. இந்த முறை ஜெயித்தால் மெட்ராஸ் போய்ச் சட்டசபையில் உட்காருவான். அப்புறம் அவன் நிழலைக்கூட எவனும் தொட முடியாது. அவன் ஜெயிக்கக் கூடாது. அதுவும் இந்தப் படத்தாலேயே மண்ணைக் கவ்வ வேண்டும். எப்படி? ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு கருமாதிப் பத்திரிகை. போன வாரம் ஒரு மண்டிக்காரருக்கு அவளே போட்ட படம். சட்டம் போட்ட போட்டோவுக்குள் அவர் முகம். சட்டத்தின் மேல் சாத்திய மாலை. முன்னால் ஒரு குத்துவிளக்கு.

மங்கம்மா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உயிரோடு இருப்பவனுக்கு மாலை கழுத்தில் விழும். செத்தவனுக்குக் கழுத்து ஏது? படத்தின் சட்டத்தில்தான் விழும். வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு கோடு. முகத்தைச் சுற்றி ஒரு கோடு.

அதன் பிறகு அவள் தலை நிமிரவில்லை. மூக்கைச் சின்னதாக்கினாள். தொங்கும் தாடையை இழுத்துக் கட்டினாள். வழுக்கையில் முடி நட்டாள். இல்லாத கருணையைக் கண்ணில் வைத்தாள். இத்தனை அழகாய் அவன் ஆத்தாளும் அவனைப் பெற்றிருக்க மாட்டாள். சுற்றிச் சட்டம் இழுத்தாள். சட்டத்தின் இரண்டு மூலையிலிருந்தும் தடித்த சாமந்தி மாலை தொங்கியது. அடியில், நடுவில், அவன் சின்னம்: ஒற்றைத் திரியோடு எரிகிற விளக்கு.

முதல் தாளை எடுத்துப் பார்த்த பாய் வாயைத் திறந்தார். "அடிப்பாவி! இது..." மங்கம்மா அவர் காலை மிதித்தாள். நாராயணப்பன் படியேறிக்கொண்டிருந்தான்.

அவன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். மாலையைப் பார்த்தானா, விளக்கைப் பார்த்தானா? மூக்கைப் பார்த்தான். திருப்பித் திருப்பி மூக்கையே பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அடடடா! நானே என்னைக் கண்டதில்லையே இப்படி!"

எல்லப்பன் எட்டிப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "எசமான்... இந்த மாலை..."

"மாலைக்கு என்னாடா?"

எல்லப்பன் தன் எசமானின் முகத்தைப் பார்த்தான். கெட்ட சேதி சொன்னவனுக்கு அந்த ஆளிடம் என்ன கிடைக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? "ரொம்ப அம்சமாக் கீதுங்க."

"இருக்கற காகிதம் பூராவும் அடிங்க பாய்" என்று சொல்லிவிட்டு நாராயணப்பன் போனான். கதவு சாத்தியதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னையும் சேத்துக் கொளுத்தப் போறான், மங்கம்மா."

"என்னாத்துக்கு பாய்? மாலை கேட்டான், மாலை. வெளக்கு கேட்டான், வெளக்கு. எழுத்து வேணாம்னது யாரு? நீங்களா, நானா?"

பாய் கொஞ்ச நேரம் மூலையைப் பார்த்தார், முனிராஜ் உட்கார்ந்திருந்த மூலையை. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஆளைக் கூப்பிடாமல் தானே மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

ஒட்டிய மறுநாளே ஆரம்பித்தது கூத்து.

மத்தூர்ச் சந்தையில் புளி விற்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். "அய்யோ, நாராயணப்பன் போயிட்டாரா! எப்போ?" கேட்டவனுக்குப் பதில் சொன்னவன், தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டு, "முந்தாநேத்து. மாரடைப்பு" என்றான். அவன் வாயிலிருந்து அது பஸ் ஏறியது. அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த நாராயணப்பனின் தங்கை மாதம்மாள் காதுக்குப் போயிற்று. அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பஸ்சைப் பிடித்து, அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதிலிருந்து மாரில் அடித்துக்கொண்டே ஓடினாள். உள்ளே அண்ணன் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் அலறிய அலறலில் தெருவே கூடியது. "செத்தும் பசி தீரலையாண்ணே!"

அப்போதுதான் நாராயணப்பன் தன் நோட்டீசை ஒழுங்காகப் பார்த்தான்.

"கிழிங்கடா அத்தனையும்!" என்று கத்தினான். கிழிக்க ஆள் வேண்டாமா? செத்தவர் படத்தில் கை வைக்க எவனும் முன்வரவில்லை. அவர் உயிரோடு இருப்பது தெரிந்தவனும்கூட, படம் படம்தானே, தோஷம் தோஷம்தானே என்று நழுவினான். எல்லப்பனே வயிற்றுவலி என்று படுத்துவிட்டான்.

சரி, ஊர் ஊராகப் போய் முகத்தைக் காட்டுவோம் என்று ஜீப்பில் கிளம்பினான். நாட்றாம்பாளையத்துக்கு மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்கிற நேரம். மந்தையில், புளியமரத்தில் அவன் படம். அதன் கீழே உண்மையாகவே ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. யாரோ புண்ணியவதி ராகிக் களியும் ஒரு உருண்டை வைத்திருந்தாள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு, "நான்தான்! நாராயணப்பன்! நல்லாத்தான் இருக்கேன்!" என்று கையைத் தூக்கினான்.

படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. கதவுச் சந்துகளில் வேப்பங்கொத்து செருகினார்கள். ஒரு கிழவர் மட்டும் தைரியசாலி, கதவு இடுக்கில் வாயை வைத்து, "சாமி, களி வெச்சிருக்குது. தின்னுட்டு எந்தக் கொறையும் இல்லாம போய்ச் சேருங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பித்துப் பிடித்தவன் போல ஒரு மாட்டுவண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் கூவச் சொன்னான்: "பெரியோர்களே! தாய்மார்களே! நாராயணப்பன் உயிரோடு இருக்கிறார்!" எந்த வேட்பாளனாவது இப்படி ஓட்டுக் கேட்டதுண்டா? அவன் செத்ததை நம்பாதவர்கள் இப்போது சிரித்தார்கள். இது பழைய செல்லச் சிரிப்பு இல்லை. அவன் எதிரே வந்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரமாய் ஒதுங்கினார்கள். உயிரோடு இருக்கும்போதே படத்தில் மாலை விழுந்தவன். அவன் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்குமா? விதைக்கப் போனவன் ஏரோடு வீடு திரும்பினான். பெண் பார்க்கப் போனவர்கள் அவன் ஜீப்பைக் கண்டு வேறு பாதையில் போனார்கள். அவன் காறித் துப்பினாலும், காலில் விழுந்தாலும் ஒன்றுதான். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது.

மங்கம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள். பாவம் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தித்திப்பாகத்தான் இருந்தது.

ஓட்டு நாளில் அவளும் போனாள். ஒவ்வொரு வேட்பாளனுக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல் அவன் சின்னம். தடுப்புக்குள்ளே விளக்குப் பெட்டி முன்னால் அவள் பார்த்தது நிஜம்: இரண்டு சாமந்தி, ஒரு சிட்டிகை விபூதி. அவளுக்கு முன்னால் போனவர்கள் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டிருக்கிறார்கள். எண்ணும்போது விளக்குப் பெட்டியில் சீட்டைவிடப் பூவிதழ்தான் அதிகம் இருந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டெபாசிட்டும் போயிற்று.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மங்கம்மா வீட்டுக்கு வந்தபோது முனிராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாத்தாத கதவைப் பார்த்தே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"அந்த நோட்டீசு ஒண்ணு குடு" என்றான்.

கொடுத்தாள். அவன் அதை எதிர்ச் சுவரில் பசை தடவி ஒட்டினான். மாடத்திலிருந்து அகலை எடுத்து அதன் கீழே வைத்தான். எண்ணெய் ஊற்றினான். பிறகு, எத்தனையோ நாளாய்த் துண்டுக்குள்ளேயே கிடந்த வலது கையை வெளியே எடுத்து, ஒட்டிப்போன விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தீக்குச்சியை இடுக்கிக்கொண்டான். இரண்டு குச்சி நழுவி விழுந்தது. மங்கம்மா உதவிக்கு வரவில்லை. வந்தால் கடிப்பான் என்று தெரியும். மூன்றாவது பற்றியது. திரியை ஏற்றிவிட்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான். திராவகம் பட்ட நாளிலிருந்து அவள் கேட்காத சிரிப்பு.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

நாராயணப்பன் தனியாக வந்தான். எல்லப்பன் இல்லை, ஒருத்தனும் இல்லை. வேட்டியெல்லாம் புழுதி. "கொன்னுட்டேடி! என்னை உசுரோட கொன்னுட்டியேடி!" என்று கத்திக்கொண்டே வாசற்படியில் கால் வைத்தான். உள்ளே, சுவரில், அழகான மூக்கோடு அவனே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்னால் விளக்கு எரிந்தது. வைத்த கால் தானாகப் பின்னால் போயிற்று. கத்தல் நின்றுவிட்டது.

தெருவில் கதவுகள் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அதை... அதை அணைச்சிடு, மங்கம்மா" என்றான். குரல் கெஞ்சியது. "உன் காலைத் தொடறேன். பாக்க முடியல. அணைச்சிடச் சொல்லு."

மங்கம்மா புருஷனைப் பார்த்தாள். முனிராஜ் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. வலது கையின் கட்டைவிரலால் திரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டான். சுடர் பெரிதாயிற்று. பிறகு பக்கத்தில் இருந்த சோற்றுத் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கதவு திறந்தே கிடக்க, தெரு பார்க்க, இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.

"அவரு சாப்புட்டுக்கினு இருக்காரு" என்றாள் மங்கம்மா. "எண்ணெ தீர்ற வரைக்கும் எரியட்டும். தீந்தா நான் ஊத்துவேன்."